சுவரில் இரண்டாவது மாட்டுத்தலை

2004-ஆம் வருஷம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிசைன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கம்பெனி ஐ.டி. கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பின்னால் ஃப்ளெக்ஸ் மெஷின் வந்ததும் பேனர் என்று எல்லா வேலையும் உண்டு. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். வயது இருபத்து நாலு.

பெயர் போடாமல் வெளியிடுகிற இந்தப் பத்திரிகைப் பகுதியில் எழுதுகிறவர்கள் யாரோ முகம் தெரியாதவர் செய்த உதவியைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் போகப் போக இது நான் செய்த துரோகமாகிவிடும். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள், எனக்கு வருத்தமில்லை.

நான் ஆண்களை விரும்புகிற ஆண். இதை இன்றைக்கு ஒரு வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு இந்த வரியைத் தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் கிடையாது. ஓசூரில் என்னைப் போல ஆறேழு பேர் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்தோம். இரண்டு பேர் சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறவர்கள், ஒருத்தர் டெய்லர், ஒருத்தர் பெரிய கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடுகிற இடம் அக்காவின் ஒற்றை அறை வீடு.

அக்கா திருநங்கை. அப்போது அந்த வார்த்தை எங்கள் பக்கம் புழக்கத்தில் இல்லை, அரவாணி என்பார்கள், அதுவும் மரியாதையாகப் பேசுகிறவர்கள் மட்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் அடி தாங்காமல் பெங்களூருக்கு ஓடி, நாற்பது வயதில் ஓசூருக்குத் திரும்பி வந்தவர். கடை கடையாகப் போய்க் கேட்டு வாங்கித்தான் சாப்பாடு. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சரளம். திட்டுவதற்கு மட்டும் தெலுங்குதான் வசதி என்பார். நாங்கள் போனால் புளிச்சோறு கிளறி வைத்திருப்பார். 'உங்களையெல்லாம் பெத்தவ எவளோ, ஆக்கிப்போடறவ நானா' என்று முனகிக்கொண்டே பரிமாறுவார்.

அந்த அறையின் சுவரில் காரை பெயர்ந்த ஒரு இடம் இருந்தது. இரண்டு கொம்போடு பார்க்க மாட்டுத்தலை மாதிரியே இருக்கும். வீட்டுக்காரர் பூசித்தர மாட்டேன் என்றுவிட்டார். அக்கா அதுதான் என் வீட்டு நந்தி என்று சொல்லிக் கொஞ்சம் மஞ்சள் தடவி வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போலீசில் மாட்டினேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. ஒரு பூங்காவில் ஒருவனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவன் ஓடிவிட்டான், எனக்குக் கால் வரவில்லை. ஸ்டேஷனில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அப்பா பெயர், ஊர், டெலிபோன் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு, போன் போடட்டுமா என்று ஒருத்தர் சிரித்தார். தை மாதம் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் அப்பா மானம் போய்விட்டால் பூச்சிமருந்து குடிக்கிற ஆள், இது ஊருக்கே தெரியும். நான் அழவில்லை.

டெய்லர் நண்பர் எப்படியோ கேள்விப்பட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை, அவர்களைக் குற்றம் சொல்லவும் மாட்டேன். மூன்று மணி வாக்கில் வாசலில் கைதட்டல் கேட்டது. அக்காவும் இன்னும் மூன்று அரவாணிகளும் ஸ்டேஷன் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அக்காவின் முடியைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, என் கண் முன்னால் லத்தியால் அடித்தார்கள். இடது மணிக்கட்டில் விழுந்த அடியில் வளையல் உடைந்து கையில் ஏறியது.

அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "அவன் என் தம்பிங்க. அடிக்கணும்னா என்னை அடிங்க, எனக்குப் பழகிப்போச்சு. அவனுக்கு வூடு இருக்குது, வாசல் இருக்குது. எனக்கு என்னா இருக்குது, போறதுக்கு?" என்றார்.

வாசலில் கூட்டம் கூடிக்கொண்டே போனதால் ஆறு மணிக்கு எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் போகவில்லை. தை மாதம் தங்கை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் நான் சாம்பார் வாளியோடு ஓடி ஓடிப் பரிமாறினேன். அக்காவின் மணிக்கட்டு அதற்குப் பிறகு நேராகவே இல்லை.

ஸ்டேஷனிலிருந்து வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப்போவதாகச் சொன்னார். எங்களைப் போன்றவர்களைப் பூங்காவிலும் பஸ் ஸ்டாண்டிலும் பிடித்து அடிக்கிறார்கள், பணம் பிடுங்குகிறார்கள் என்று மனு. இன்ஜினியர் நண்பர் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வந்ததும் ஒருத்தருக்கு அவசரமாக ஷிப்ட், ஒருத்தருக்கு வயிற்றுவலி. எனக்கு என்ன சாக்கு என்று இப்போது நினைவில்லை. ஏதோ ஒன்று சொன்னேன். அக்கா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஆயித்து, பிடு" என்றார். கன்னடத்தில் 'சரி, விடு' என்று அர்த்தம். மனுவில் கையெழுத்து அவருடையது ஒன்றுதான்.

அன்றைக்குக் கடை டிஜிட்டல் கேமராவை நான் கொண்டுபோயிருந்தேன். போட்டோ எடு என்றார் அக்கா. மனுவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். வலது பக்கம் மூன்று பேர், இடது பக்கம் மூன்று பேர். நான் கிளிக் பண்ணும் நேரத்தில் ஆறு பேரும் முகத்தை மறைத்துவிட்டார்கள். ஒருத்தர் கர்சீப்பால், ஒருத்தர் கையால், இரண்டு பேர் முதுகைக் காட்டித் திரும்பியே நின்றுவிட்டார்கள். முகம் காட்டி நேராகப் பார்த்தது அக்கா ஒருத்தர்தான். பின்னால் சுவரில் மாட்டுத்தலை.

அந்தப் போட்டோவில் ஒரு பிரிண்ட் கேட்டார். தன் படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை, சுவரில் மாட்டுத்தலைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறேன் என்றார். அடுத்த வாரம் தருகிறேன் அக்கா என்றேன். கடையில் பிரிண்ட் போட்டால் முதலாளி பார்ப்பார், யார் இது என்று கேட்பார். அந்தப் பயத்தில் தள்ளிப்போட்டேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஐந்து வருஷம் போனது. அவரும் சலிக்காமல் பார்க்கிறபோதெல்லாம் கேட்பார், பிறகு அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. "என்னா தம்பி, என் போட்டோ பேப்பர் மில்லுல இருந்து இன்னும் வரலியா?"

மனு கொடுத்த பிறகு கொஞ்ச காலம் பிடித்து அடிப்பது குறைந்தது. அந்தத் தெம்பில் எங்கள் கூட்டம் வளர்ந்தது. இன்ஜினியர் நண்பர் பெங்களூர் ஆட்களோடு தொடர்பு பிடித்தார். கூட்டம் அக்கா அறையிலிருந்து ஒரு ஹோட்டல் மாடிக்குப் போனது. மாடி ஹோட்டலில் அக்காவைச் சாப்பிட விடமாட்டார்கள் என்பதால் அவரைக் கூப்பிடுவது மெல்ல மெல்ல நின்றுபோனது. யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை.

2009-இல் டெல்லி ஐகோர்ட் தீர்ப்பு வந்தது. எங்களைப் போன்றவர்கள் இனிக் குற்றவாளிகள் இல்லை என்று டிவியில் சொன்னார்கள். கடையில் நான் ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனர் செய்துகொண்டிருந்தேன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த வருஷம் நான் சந்தோஷத்தில் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அந்த மாதமே ஒரு சின்ன மண்டபம் பிடித்துக் கூட்டம் போடுவதென்று முடிவானது. நாங்கள் கடந்து வந்த பாதை என்று பெரிய ஃப்ளெக்ஸ் பேனர், அதில் நான் எடுத்த அந்தப் போட்டோ. டிசைன் என் பொறுப்பு. இன்ஜினியர் நண்பர் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்காவ எடுத்துடு. அவங்க விஷயம் வேற, நம்ம விஷயம் வேற. அவங்களுக்கு நலவாரியம் எல்லாம் கவர்மெண்ட்டே குடுத்துடுச்சு. இவங்க படத்தைப் பார்த்தா நாமளும் கைதட்டிக் காசு கேக்கறவங்கன்னுதான் ஜனங்க நினைப்பாங்க. நாளைக்கு என் அம்மாவ நான் கூட்டிட்டு வரணும், இல்ல?"

அவர் கெட்டவர் கிடையாது. அம்மாவிடம் சொல்லப் பத்து வருஷம் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்த மனுஷன். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் விட்டிருப்பார் என்றுகூட இன்றைக்குத் தோன்றுகிறது. நான் சரி என்றேன். என் மனதுக்குள்ளேயும் அதே எண்ணம்தான் இருந்தது, அவர் அதை வெளியே சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் தொழிலில் படத்தின் ஒரு இடத்தை எடுத்து இன்னொரு இடத்தின் மேல் பூசுகிற வசதி கம்ப்யூட்டரில் உண்டு. பக்கத்துச் சுவரை எடுத்து அக்காவின் மேல் பூசினேன். முதலில் புடவை போனது, பிறகு கட்டுப் போட்ட கை, மனு, கடைசியாக முகம். இருபது நிமிஷ வேலை. ஆறு பேரும் முகம் மறைத்திருந்ததால் பேனரை எங்கே வைத்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை என்று நண்பருக்கு ரொம்பத் திருப்தி. ஓடி ஒளிந்த ஆறு பேர் பாதையை உண்டாக்கினவர்கள் ஆகிவிட்டார்கள். வேலை சுத்தமாக இருக்கிறதே என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது, அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

கூட்டத்துக்கு அக்காவை யாரும் அழைக்கவில்லை. டெய்லர் நண்பர் சொல்லித் தெரிந்து அவராகவே வந்தார். பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். வாசலில் என்னைப் பார்த்துக் கன்னத்தைத் தட்டினார். பேனருக்கு முன்னால் போய் நின்றார். அவர் தன்னைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் கோணிப்போன அந்தக் கையைத் தூக்கி, ஒரு விரலால் பேனரின் நடுவில் தொட்டார்.

"எங்க வூட்டு சுவத்துல மாட்டுத்தலை ஒண்ணுதானேப்பா இருந்துச்சு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பக்கத்துச் சுவரை எடுத்துப் பூசும்போது மாட்டுத்தலையும் சேர்ந்து வந்துவிட்டிருந்தது. சுவரில் ஒரே மாதிரி இரண்டு மாட்டுத்தலை. இரண்டாவது இருந்த இடம் அக்காவின் முகம் இருந்த இடம்.

டிசைனில் அப்படி வந்துவிட்டது அக்கா என்றேன். வேறு என்ன பொய் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பேனரைப் பார்த்தபடியே, "ஆயித்து, பிடு" என்றார். கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். இன்ஜினியர் நண்பர் மைக்கில் முதல் மனுவைப் பற்றிப் பேசினார். நாங்கள் மனு கொடுத்தோம் என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் இல்லை, நான் போகவில்லை. மஞ்சள்காமாலை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று டெய்லர் நண்பர் இரண்டு தடவை வந்து சொன்னார். முதலில் பிரிண்ட் ஒன்று எடுத்துக்கொண்டு போவோம், வெறும் கையோடு போனால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த ஃபைலைத் திறந்தேன்.

தொழில் தெரிந்த எவனும் ஒரிஜினலைத் தனியாக வைத்துவிட்டு நகலில்தான் கை வைப்பான். முதல் நாளே முதலாளி சொல்லிக் கொடுத்த பாடம் அது. நண்பர் பக்கத்தில் இருந்த அவசரத்தில் நான் ஒரிஜினல் மேலேயே வேலை செய்து, அதே பெயரில் சேவ் பண்ணியிருந்தேன். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன், பழைய சி.டி.க்களைப் போட்டுப் பார்த்தேன். எங்கேயும் அக்கா இல்லை. முகம் மறைத்த ஆறு பேரும் இரண்டு மாட்டுத்தலையும்தான் இருந்தன.

இரண்டு நாள் கழித்து, காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், வேட்டி கட்டிய ஒருவர் வந்தார். கையில் எங்கள் கடை விசிட்டிங் கார்டு, அதன் பின்பக்கம் என் கையெழுத்தில் என் செல் நம்பர். எப்போதோ நான் எழுதிக் கொடுத்தது. தன் அண்ணன் இறந்துவிட்டதாகச் சொன்னார். அண்ணன் என்றதும் எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த பையில் இந்தக் கார்டு கிடைத்தது, நீங்கள் தெரிந்தவரா என்று அவர் கேட்டபோதுதான் அக்காவைச் சொல்கிறார் என்று புரிந்தது.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் தெரியாதுங்க என்றேன். எப்போதாவது பேனர் போட வந்திருப்பாங்க என்றேன்.

அவர் பாவம், கண் சிவந்து போய் உட்கார்ந்தார். உடம்பை ஊருக்குக் கொண்டுபோகிறார்களாம், ஊர் முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்ட வேண்டுமாம். சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து நீட்டினார். அக்கா. பொட்டு, மூக்குத்தி, தோளில் புடவை. பழைய படம், ஏதோ அட்டைக்காக எடுத்தது.

"இதுல பொட்டு, மூக்குத்தியெல்லாம் எடுத்துடுங்க. கிராப்பு, சட்டை வெச்சு, லேசா ஒரு மீசை வரைய முடியுங்களா? ஊர்ல யாருக்கும் தெரியாதுங்க. எனக்கு வயசுக்கு வந்த பொண்ணு இருக்குதுங்க" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் வேறு கடைக்குப் போயிருப்பார், ஆனால் அது என் கையாக இருந்திருக்காது. நான் ஸ்கேன் பண்ணினேன். அவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், மீசை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக என்றார். கீழே நான் கேள்விப்பட்டே இராத ஓர் ஆண் பெயரைச் சொன்னார், அதை டைப் அடித்தேன். பேனர் மெஷினிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. யாரோ ஒரு விவசாயி சிரித்துக்கொண்டிருந்தார்.

போட்டோவைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் இருப்பதையும் அழித்துவிடுங்கள் என்றார். வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைக்க எனக்கு ஒரு நொடி போதும். முதலாளி பார்ப்பார், இவர் பார்ப்பார், ஏன் என்று கேட்பார்கள். அழித்தேன். சாவுக்குப் போகவில்லை. தேன்கனிக்கோட்டை பஸ் ஏறிப் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

கட்டை வேகும் முன்னே ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியமும் வாய்க்கவில்லை. அந்த பேனர் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பெங்களூரில் ஒரு கண்காட்சியில் அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே, ஓசூர், 2004, முதல் மனு கொடுத்த நண்பர்கள் என்று எழுதியிருந்தது. படித்த பிள்ளைகள் நிறையப் பேர் வந்து நின்று பார்த்தார்கள், மரியாதையாகத்தான் பார்த்தார்கள். சுவரில் ஏன் ஒரே மாதிரி இரண்டு மாட்டுத்தலை இருக்கிறது என்று யாராவது ஒருத்தர் கேட்டுவிட மாட்டார்களா என்று நான் சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

அதனால்தான் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே யாருடைய பெயரும் வராது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன், அக்காவின் பெயர் இதிலும் இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவரை நான் அழிப்பது இது மூன்றாவது தடவை. இதற்கும் அவர் "ஆயித்து, பிடு" என்றுதான் சொல்லியிருப்பார் என்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.